மதியச் சோற்றின் கணக்கு

திண்டுக்கல் நகரில் காலை எட்டரை மணிக்கு ஏதேனும் ஒரு தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஆட்டோக்களிலும் வேன்களிலும் சைக்கிள்களிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். முதுகில் புத்தக மூட்டை. கையில் ஒரு சிறு பை. அந்தப் பைக்குள் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர்ப் புட்டி, இடைவேளைக்கு ஒரு பொட்டலம் இருக்கும். நகரத்தைத் தாண்டி வேடசந்தூர்ப் பக்கமோ வடமதுரைப் பக்கமோ போனால் வேறொரு காட்சி. அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் பலருடைய கையில் சாப்பாட்டுப் பை இல்லை. அவர்களுக்கு மதியச் சோறு பள்ளியிலேயே வேகும்.

இந்த இருவரில் யாருடைய மதிய உணவு மேலானது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தாய் தன் கையால் சமைத்துக் கட்டிக்கொடுத்த உணவுதான் என்று தயங்காமல் சொல்வீர்கள். வெகுகாலம் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று புரிந்தது. அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்குமுன், பள்ளிப் பிள்ளையின் மதியச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம். அதற்கு நாம் நூறு ஆண்டுகள் பின்னோக்கி, சென்னைக்குப் போக வேண்டும்.

ஓர் அணாவுக்கு உணவு

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அப்போது மன்றத் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்றும், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்றும் அவர் எடுத்துக் கூறினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புக்கொண்டது. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு! ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசு தடுத்துவிட்டதால், 1925இல் திட்டம் நின்றது. பிறகு கோரிக்கைகள் எழுந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று குறைந்த அளவில் திரும்ப வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் விளக்கில் எண்ணப்பட்டவை இரண்டே: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை அணா செலவாயிற்று. அந்தச் சிற்றுண்டி பிள்ளையின் உடலுக்குள் போய் என்ன செய்தது என்பதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பார்க்கும் வழக்கம் மேலை நாடுகளிலும் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது.

தராசு வந்த கதை

இங்கிலாந்தில் பள்ளி உணவுக்கு வழி பிறந்தது ஒரு போரினால். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, நகரத்து ஏழை இளைஞர்களில் பலர் வளர்ச்சி குன்றி, படைக்கு லாயக்கற்றவர்களாக இருந்தது கண்டு ஆட்சியாளர்கள் திடுக்கிட்டனர். 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. பிள்ளைகளின் பசி கண்டு உருகாத மனம், சிப்பாய்களின் நெஞ்சளவு கண்டு உருகியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன்பின் விஞ்ஞானிகள் தராசுடன் வந்தார்கள். லண்டனுக்கு அருகே ஓர் இல்லத்தில் வசித்த சிறுவர்களிடம் கோரி மான் என்ற மருத்துவர் நான்கு ஆண்டுகள் சோதனை நடத்தி, 1926இல் முடிவை வெளியிட்டார். அச்சிறுவர்கள் பசியோடு இருந்தவர்கள் அல்லர். அன்றைய அளவுகோலின்படி போதிய உணவு உண்டவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உணவு மட்டும்; மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் தினமும் ஏறக்குறைய அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பால். வழக்கமான உணவு மட்டும் உண்டவர்கள் ஆண்டுக்குச் சராசரி 1.75 கிலோ எடை கூடினார்கள். பால் குடித்தவர்களோ ஏறத்தாழ 3.2 கிலோ கூடினார்கள். உயரத்திலும் வேறுபாடு தெரிந்தது. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் பக்கத்திலும் அதே காலத்தில் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரியில் குன்னூரில் இருந்தது ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடம். அங்கே ராபர்ட் மக்கரிசன் என்பவர் வெள்ளெலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் மெலிந்து கடைசி வரிசையில் நின்றன.

அரிசி நஞ்சன்று. ஆனால் மேல்தோலைத் தீட்டித் தள்ளும்போது அதிலுள்ள பி வைட்டமின்களும் தாது உப்புகளும் தவிட்டோடு போய்விடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கினால் தோலிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு உள்ளே அரிசியில் ஊறி நின்றுவிடுகிறது. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. புழுங்கலரிசியின் அருமை தெரிந்திருந்தது.

மக்கரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர்க் கூடத்தின் பொறுப்பை ஏற்ற அய்க்ராய்டு, எலியை விட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் தோலையும் வாயையும் பார்த்துக் குறைபாடுகளைக் குறித்தனர். கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை ஒட்டியது போன்ற புள்ளி. தவளைத் தோல் போன்ற சொரசொரப்பு. வாயோரத்தில் ஆறாத புண். இவை வெறும் பட்டினியின் அடையாளங்கள் அல்ல. சோறு உண்டும், சோற்றோடு சேர வேண்டியவை சேராததன் அடையாளங்கள். 1937இல் வெளியான இவர்களுடைய மற்றொரு ஆய்வில், விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பால் சேர்க்கப்பட்டபோது எடையும் உயரமும் நன்கு கூடின. 1958இல் இந்தக் கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவேதான்.

கண்ணில் தோன்றும் அந்த நுரைப் புள்ளியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பிறகு இந்தப் புள்ளி. அதற்கும் பிறகு கருவிழியே உருகிப் பார்வை போய்விடும். 1970களில் மதுரையில் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி இத்தகைய குழந்தைகளுக்கென ஓர் ஊட்டச்சத்து மையமே நடத்த வேண்டியிருந்தது. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். முருங்கை மரம் வாசலில் நிற்க, அதன் கீரை உள்ளே போகாத வீட்டுப் பிள்ளையும் பார்வை இழக்கலாம் என்பதுதான் இதில் மனத்தை அறுக்கும் செய்தி.

எட்டயபுரமும் கடல் கடந்த மாவும்

விடுதலைக்குப் பின் பள்ளி உணவை மாநிலம் முழுமைக்குமான காரியமாக்கியவர் முதலமைச்சர் காமராசர். அவருக்குக் கைகொடுத்தவர் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் 1,300 மையங்கள், 65,000 பிள்ளைகள், ஆண்டுக்கு 200 நாட்கள் என்பது ஏற்பாடு. ஊரார் தந்த தானியமும் விறகும் காய்கறியும் அடுப்பை எரிய வைத்தன. பின்னர் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை உள்ளூரும் ஏற்றன.

ஊர் தரும் தானியம் ஒரு வருஷம் வரும், மழை பொய்த்த வருஷம் வராது. திண்டுக்கல் சமவெளி போன்ற மானாவாரிப் பூமியில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் அனுப்பத் தொடங்கியது. அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் தின்ற மஞ்சள் உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார்கள். சிலர் ஆசையோடு, சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. 1967 தொட்டு மையச் சமையற்கூடங்களும் அமைந்தன. ஒரே இடத்தில் சமைத்த உணவு வண்டியேறிப் பல பள்ளிகளுக்குப் போயிற்று.

கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளையும் பூமியில், பிள்ளைகளுக்கு உணவு கடல் கடந்து வந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த மாவு பல பிள்ளைகளின் வயிற்றைக் காத்தது. ஆனால் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைக் கிடங்கில் என்ன இருக்கிறது என்பதே தீர்மானித்தது.

இந்த மக்காச்சோளத்தின் கதை பிற்பாடு ஒரு வேடிக்கையான திருப்பம் எடுத்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே மக்காச்சோளம் பெரும்பரப்பில் விளைகிறது. அதை நாம் உப்புமா கிண்டுவதில்லை. நாமக்கல் முதலிய ஊர்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அங்கிருந்து முட்டையாகி நம் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்குத் திரும்பி வருகிறது.

தட்டின் கணக்கு

முட்டைக்கு வருமுன் 1982ஐப் பார்ப்போம். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமங்களிலும் செப்டம்பரில் நகரங்களிலும் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், 1984இல் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆயிரமாயிரம் பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. இவ்வளவு செலவு தாங்குமா என்று அப்போது கேட்காதவர்கள் குறைவு.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு வகுத்த அளவு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. அதனுடன் கொஞ்சம் எண்ணெய், காய்கறி. இப்போது பென்சிலை எடுங்கள். நூறு கிராம் அரிசியில் சுமார் 345 கலோரியும் 7 கிராம் புரதமும் உண்டு. பதினைந்து கிராம் பருப்பில் சுமார் 50 கலோரியும் 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உண்டு. ஆக, ஏறத்தாழ 400 கலோரி, 10 கிராம் புரதம்.

புரதத்தை எண்ணினால் மட்டும் போதாது. அதன் தரத்தையும் பார்க்க வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. ஒரே ஒரு வகை மணி குறைந்தாலும் மாலை பாதியில் நின்றுவிடும். அரிசியில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. சாம்பார்ச் சோறும் இட்லியும் பொங்கலும் நாவின் ருசிக்காக மட்டும் ஏற்பட்ட கூட்டுகள் அல்ல என்பது இதனால் விளங்கும். ஆனால் 15 கிராம் பருப்பு ஒரு சிறு கரண்டிதான். முட்டையின் புரதத்திலோ எல்லா மணிகளும் சரியான அளவில் உள்ளன.

1989 ஜூனில் முதலமைச்சர் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 1998இல் அது வாரம் ஒன்று ஆயிற்று. 2006க்குப் பின் படிப்படியாகக் கூடி, 2010இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ, ஒரு நாள் உருளைக்கிழங்கு என்பவையும் சேர்ந்தன. 2013 முதல் ஜெயலலிதா ஆட்சிக் காலத்தில் கலவை சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. கட்சி எதுவானாலும் தட்டிலிருந்து யாரும் எதையும் எடுக்கத் துணியவில்லை. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைச் சேர்த்தார்கள். நம் அரசியலில் இப்படி ஒரு போட்டி வேறெதிலும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 75 முதல் 80 கலோரி. பழைய கணக்கோடு கூட்டுங்கள்: 16 கிராம் புரதம், 480 கலோரி. இதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டபோது, குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் வேண்டும் என்றது. 2006இல் மத்திய அரசு இதை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று உயர்த்தியது. முட்டை விழுந்த தட்டு இந்த அளவை எட்டித் தாண்டிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு சொந்த நினைவு. 1990 வாக்கில் நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் ஓரளவு வசதி வந்துவிட்டபடியால் அம்மா எனக்குத் தூக்குச்சட்டியில் எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொடுப்பார்கள். தட்டேந்தி வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்பது வீட்டின் எண்ணம். முட்டை போடும் நாளில் என் பக்கத்துப் பையனோடு ஒரு பண்டமாற்று உண்டு. பாதிச் சோறு அவனுக்கு, பாதி முட்டை எனக்கு. நஷ்டம் அவனுக்குத்தான். எலுமிச்சஞ்சோறு என்பது வசதிக்காரன் சோறு என்று அவன் நினைத்தான்; நானும் அப்படியே நினைத்தேன்.

டப்பாவின் கணக்கு

அந்த நினைப்பு இன்றும் போகவில்லை. பிள்ளையைத் தட்டிலிருந்து டப்பாவுக்கு மாற்றுவதைக் குடும்பத்தின் உயர்வாக நாம் கருதுகிறோம். தட்டுக்கு நூறாண்டுகளாக மன்றங்களும் விஞ்ஞானிகளும் நீதிமன்றமும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். டப்பாவுக்குக் கணக்குப் பார்த்தவர் யார்?

இன்று நாமே பார்ப்போம். எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் டப்பாவில் தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கின்றன என்று வையுங்கள். சிறிய டப்பாவானால் 70 கிராம் அரிசிச் சோறுதான் பிடிக்கும். எண்ணெயையும் கிழங்கையும் சேர்த்தால் கலோரி எப்படியும் 350ஐத் தாண்டும். புரதமோ 6 கிராமைச் சுற்றித்தான் நிற்கும்; அதுவும் லைசின் குறைந்த அரிசிப் புரதம். இடைவேளைப் பொட்டலத்தில் நான்கு கிரீம் பிஸ்கட். மைதா, சர்க்கரை, கொழுப்பு. புரதம் ஒன்றிரண்டு கிராம். காலையில் நேரமில்லை என்று நூடுல்ஸ் கட்டிக்கொடுத்தால் அதே கதை, உப்பு மட்டும் கூடுதல். அரசின் அளவுகோலை வைத்தால், வயிற்றை நிறைக்கும் இந்த டப்பா புரதத்தில் பெயில்!

தாய்மார்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. டப்பாவுக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. காலை ஏழரைக்கு மூடியது பகல் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது. வேகவைத்த சோற்றிலும் சாகாமல் ஒளிந்திருக்கும் ஒருவகை பாக்டீரிய வித்துகள், வெதுவெதுப்பான மூடிய டப்பாவில் முளைத்துப் பெருகி, வாந்தி பேதிக்குக் காரணமாகலாம். பருப்புக் குழம்பு ஊற்றிய சோறு சீக்கிரம் ஊசிவிடுவது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கட்டுச்சோறு என்றாலே புளிச்சோறு என்று ஆயிற்று. புளிப்பு மிகுந்த இடத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் தலையெடுப்பது கடினம். தயிர்ச்சோற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆறிய சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிச் சிறிது மோர் விட்டுக் கொடுத்தால், மதியத்துக்குள் அது டப்பாவிலேயே உறைந்து பதமான தயிர்ச்சோறாகிவிடும். மோரிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகிப் பாலைப் புளிக்கவைத்து, மற்றவற்றுக்கு இடம் கொடாமல் செய்கின்றன. அடிப்படை விதி ஒன்றுதான்: சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி போனபின் டப்பாவை மூடுங்கள்.

ஆகவே புளிச்சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குத் துணை தேட வேண்டும். அந்தத் துணை திண்டுக்கல் சமவெளியில் மண்ணை உதறி எடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. இருபத்தைந்து கிராம் நிலக்கடலை, அதாவது பிள்ளையின் கைக்கு ஒன்றரைப் பிடி, ஒரு முட்டை அளவு புரதம் தரும். வறுத்தோ அவித்தோ இடைவேளைப் பொட்டலத்தில் வையுங்கள். வெல்லப் பாகில் பிடித்தால் கடலை மிட்டாய். பூஞ்சை பிடித்ததையும் சுருங்கிக் கறுத்ததையும் மட்டும் ஈவிரக்கமின்றி எறிந்துவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் மடிந்ததை ஆராய்ந்தபோதுதான், பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருப்பது தெரியவந்தது. அது ஈரலைக் கெடுப்பது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்தே கொடுங்கள்.

கடலையிலும் லைசின் குறைவுதான். எனவே ஒரு நாள் கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு நாள் முட்டை என்று மாற்றுங்கள். உளுந்து சேர்ந்த இட்லி கட்டிக்கொடுக்கும் நாளில் பொடியோடு நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது கம்பு தோசையோ கேழ்வரகு அடையோ. கம்பில் புரதமும் இரும்பும் தீட்டிய அரிசியைவிட வெகுவாக அதிகம். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து பெயர் பெற்றது.

முருங்கைக் கீரையைப் பிள்ளைகள் டப்பாவில் தொடமாட்டார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான். பொரியலாக வைத்தால் தொடமாட்டார்கள். அடை மாவில் கலந்தால் தெரியாமல் போய்விடும். கீரையிலிருந்து உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் நிறப்பொருள் கொழுப்பில் கரைவது; ஆகவே எண்ணெய் விட்டுச் சுட்ட அடைதான் அதற்கு ஏற்ற வாகனம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாக முருங்கைக்காய் வெளியூர் போகிறது. கீரைக்கு அங்கே அவ்வளவு மதிப்பில்லை. நமக்கு அது நல்லதாயிற்று. பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டாலும் ஒரு கொத்து கிடைக்கும்.

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் ஏற்கும். இங்கேதான் கொய்யாப்பழம் வருகிறது. ஆரஞ்சைப் போல் மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு. பழனிக்கு அருகே ஆயக்குடிக் கொய்யாவைத் தமிழ்நாடு அறியும். நான்கு துண்டு கொய்யா மதியச் சோற்றுடன் இருந்தால், கம்பின் இரும்பு வீணாகாது. சோறு தின்ற கையோடு தேநீர் குடித்தால் நேர்மாறான விளைவு. பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

பள்ளி வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. ஐம்பது மீட்டர் என்பது ஒரு பிள்ளை நாற்பது நொடியில் நடக்கும் தூரம். அதைத் தாண்டியதும் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்கு எந்த விதியும் இல்லை. சட்டத்தை எதிர்பார்ப்பதைவிட, அதே வாசலில் கூடை வைத்து நெல்லிக்காயும் கொய்யாவும் அவித்த கடலையும் விற்கும் அம்மாளிடம் வாங்கச் சொல்லிப் பிள்ளையிடம் பத்து ரூபாய் கொடுப்பது பலன் தரும். வாங்கியதைக் கழுவித் தின்னச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டப்பாவில் என்ன வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். மாலையில் டப்பாவைக் கழுவப் போடுமுன் திறந்து பார்த்து, மீந்தது எது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பள்ளி கொடுக்கும் இடைவேளை இருபது நிமிடமா, முப்பது நிமிடமா என்று பிள்ளையிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். திரும்பத் திரும்ப மீந்து வருவது சோறானால், சோற்றைக் கால்பங்கு குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வையுங்கள். சுண்டலே மீந்தால், அடுத்த வாரம் முட்டையை வைத்துப் பாருங்கள்.